இரண்டரைக் கோடி இனாமா, கடனா? ஐடிஐ பற்றி வாசு எழுதியதற்குப் பதில்

அரம் (சனி, காலை 6.40)

நேற்று ராத்திரி இந்தத் தளத்தில் ஒயிட்பீல்டு வாசு எழுதியதைப் படித்ததில் இருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஐடிஐ எனப்படும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களைப் பற்றி அவர் சொன்னதைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கித் தருகிறேன். "2007-ல் மத்திய அரசு ஒவ்வொரு அரசு ஐடிஐக்கும் இரண்டரைக் கோடி இனாமாகக் கொடுத்தது. வாத்தியார்கள் உட்கார்ந்து தின்று தீர்த்தார்கள். இனி எல்லாவற்றையும் கம்பெனிகளிடம் ஒப்படைத்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள வேண்டும்." இவ்வளவுதான். இதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு.

நான் கர்நாடக அரசு ஐடிஐகளில் 31 வருடம் பிட்டர் பிரிவில் ஜேடிஓவாக, அதாவது பயிற்சி கொடுக்கும் வாத்தியாராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தின்றவர்கள் என்று அவர் சொல்வது என்னையும் சேர்த்துத்தான்.

வாசு, அது இனாம் இல்லை. கடன். 1,396 அரசு ஐடிஐகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் இரண்டரைக் கோடி ரூபாய் கடன். முதல் பத்து வருடம் கட்ட வேண்டாம். அதற்குப் பிறகு இருபது வருடத் தவணை. இரண்டரைக் கோடியை இருபதால் வகுத்துப் பாருங்கள், வருடத்துக்குப் பன்னிரண்டரை லட்சம். பணம் மாநிலக் கருவூலத்துக்கு வரவில்லை. ஒவ்வொரு ஐடிஐயிலும் மேலாண்மைக் குழு என்று ஒன்றை அமைத்து, அதைச் சங்கமாகப் பதிவு செய்யச் சொல்லி, அந்தச் சங்கத்தின் கணக்கில் நேராகப் போட்டார்கள். குழுவுக்குத் தலைவர் ஒரு கம்பெனிக்காரர். உறுப்பினர்-செயலர் எங்கள் பிரின்சிபால். கடன் பட்டது அந்தச் சங்கம்.

உங்களுக்கு எங்கே குழப்பம் வந்தது என்றும் எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் 2004 பட்ஜெட்டில் 500 ஐடிஐகளை உயர்த்துவதாகச் சொன்னார்கள். அதில் 400 உலக வங்கிப் பணத்தில். அது மானியம், மாநில அரசு வழியாக வந்தது. மிச்சம் இருந்த 1,396-க்குத்தான் இந்தக் கடன் திட்டம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, எங்கள் தலையில் இனாம் என்று எழுதிவிட்டீர்கள்.

ஒயிட்பீல்டு வாசு (சனி, காலை 8.15)

சார், வணக்கம். காலங்காத்தாலேயே கோபமா இருக்கீங்க.

வட்டி கிடையாது. பத்து வருஷம் யாரும் கேக்க மாட்டாங்க. அப்புறம் இருபது வருஷம் கொஞ்சம் கொஞ்சமா கொடுத்தா போதும். 2007-ல வாங்கின ரூபாயை 2037-ல கட்டி முடிக்கிறீங்க. அன்னைக்கு அந்தப் பன்னிரண்டரை லட்சத்துக்கு என்ன மதிப்பு இருக்கும்? எங்க திருச்சிப் பக்கம் இப்படிக் கொடுத்தா அதுக்குக் கடன்னு பேரு இல்ல சார், சீர்வரிசைன்னு பேரு.

நான் வீடு வாங்க பேங்க்ல கடன் வாங்கினேன். அடுத்த மாசமே இஎம்ஐ. அது கடன். உங்களுக்குக் கொடுத்தது இனாம். பேப்பர்ல கடன்னு எழுதிட்டா கடன் ஆயிடுமா?

பீன்யா கடைசல் (சனி, காலை 8.50)

ரெண்டு பேரும் நிறுத்துங்க. நான் அந்தக் குழுவிலேயே உக்காந்தவன். பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டை ரெண்டாவது ஸ்டேஜ்ல 19 வருஷமா ஜாப் வொர்க் யூனிட் வச்சிருக்கேன், நாலு லேத், ரெண்டு விஎம்சி (கம்ப்யூட்டர்ல ஓடுற மில்லிங் மெஷின்). 11 பேர் குழு அது. தலைவர் போக உள்ளூர் தொழில் ஆளுங்க நாலு பேரு, அரசு போடுற ஆளுங்க அஞ்சு பேரு, செயலரா பிரின்சிபால். அந்த நாலு பேர்ல ஒருத்தன் நான்.

நாலு வருஷம் போனேன். தலைவர் கம்பெனி பெரிய கம்பெனி. அவர் ஒரு தடவைகூட வரல. ஹெச்ஆர்ல புதுசா சேர்ந்த பொண்ணு ஒண்ணு நோட்டுப் புக்கோட வரும். பிரின்சிபால் முன்னாடியே தீர்மானத்தை டைப் அடிச்சு வச்சிருப்பாரு. கன்னடத்துல ஒரு காப்பி, இங்கிலீஷ்ல ஒரு காப்பி. கையெழுத்துப் போடு, காபி குடி, கிளம்பு. "இந்தப் பசங்களுக்கு வெர்னியர்கூடப் பார்க்கத் தெரியலையே, என்ன பண்ணப் போறோம்"னு நான் கேட்ட கேள்வி ஒரு மினிட்ஸ்லயும் ஏறல.

கடனோ இனாமோ, நாங்க வாங்கச் சொன்ன சிஎன்சி மெஷின், கம்ப்யூட்டர்ல ஓடுறது, வந்துச்சு. வந்து 14 மாசம் மேல துணி போட்டு மூடியே கெடந்துச்சு. அரம் சார், அதுக்கு என்ன சொல்றீங்க? நீங்க சர்வீஸ்ல இருந்த காலம்தான் அது.

அரம் (சனி, காலை 9.35)

கடைசல், நீங்கள் எந்த ஐடிஐ குழுவில் இருந்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் துணி போட்டு மூடிய மெஷினை நானும் ஓர் இடத்தில் பார்த்தேன். காரணத்தையும் சொல்கிறேன். மெஷின் வாங்கக் குழுவுக்கு அதிகாரம் இருந்தது. மும்முனை மின்சாரம் இழுக்கக் குழுவுக்கு அதிகாரம் இல்லை. கட்டடம் அரசுக்குச் சொந்தம், அதில் ஒரு சுவரை இடிக்க வேண்டும் என்றால்கூடப் பொதுப்பணித் துறைக்கு எழுத வேண்டும். எழுதினோம். திரும்ப எழுதினோம். கம்ப்ரஸர் வைக்க இடம் காட்டச் சொல்லி வரைபடம் கேட்டார்கள். வரைபடத்தை நான்தான் கையால் போட்டுக் கொடுத்தேன். தூசி படியக் கூடாது என்று துணி போட்டவனும் நான்தான். அது சோம்பேறித்தனம் இல்லை ஐயா, அக்கறை.

வாசுவுக்கு. அது கடன்தான். எப்படி என்றால், கடனாக இருந்ததால்தான் குழு பயந்தது. அரசு ஐடிஐயில் பையன்கள் கட்டும் கட்டணம் சொற்பம். வருடத்துக்குப் பன்னிரண்டரை லட்சத்தை எங்கே இருந்து கட்டுவது? நான் இருந்த இடத்தில் முதல் கூட்டத்திலேயே ஒரு உறுப்பினர், "பணத்தைப் பெரும்பாலும் பிக்சட் டெபாசிட்டில் போடுவோம், வட்டியில் இருந்து தவணை கட்டலாம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். பட்டறைக்கு வந்த பணம் பேங்கில் தூங்கியது. இனாமாக இருந்திருந்தால் மெஷின் வாங்கியிருப்பார்கள், வாத்தியார் போட்டிருப்பார்கள். கடன் என்ற அந்த ஒரு சொல் குழுவின் கையைக் கட்டிப் போட்டது. இதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

ஒயிட்பீல்டு வாசு (சனி, காலை 9.52)

அதாவது பணத்தை வாங்கி பேங்க்ல போட்டு, வர்ற வட்டிய எடுத்து அசலைத் திருப்பிக் கட்டுறது. கையில இருந்து ஒரு ரூபா போகல. சார், இத விட அழகா இனாம்னா என்னன்னு யாரும் விளக்க முடியாது. நன்றி.

அரம் (சனி, காலை 10.05)

இனாம் வாங்கியவன் திருப்பிக் கட்ட மாட்டான். இதுகூடத் தெரியாமல் எப்படி ஐயா உங்களை மேனேஜராக வைத்திருக்கிறார்கள்?

தூரவாணி நகர் ராஜாமணி (சனி, காலை 10.30)

ஐடிஐ-யைப் பற்றித் தரக்குறைவாக எழுதுவதைப் பார்த்து மனம் வேதனைப்படுகிறது. 1948-ல் தொடங்கிய நிறுவனம். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்துறைத் தொழிற்சாலைகளில் ஒன்று. இந்த நாட்டின் தொலைபேசிகளை நாங்கள் செய்தோம். எங்கள் காலனியில் தமிழர்கள், மலையாளிகள், கன்னடர்கள், தெலுங்கர்கள் எல்லோரும் ஒரே குடும்பமாக இருந்தோம். அதில் உட்கார்ந்து தின்றார்கள் என்று எழுத யாருக்கும் தகுதி இல்லை.

பீன்யா கடைசல் (சனி, காலை 10.34)

ஐயா, நாங்க பேசுறது ஐடிஐ பள்ளிக்கூடம். நீங்க சொல்றது ஐடிஐ டெலிபோன் பேக்டரி. வேற வேற.

தூரவாணி நகர் ராஜாமணி (சனி, காலை 10.58)

தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். பெங்களூரில் ஐடிஐ என்றால் முதலில் நாங்கள்தான், பிறகுதான் மற்றவர்கள். மேலும், 1961-ல் அப்ரண்டிஸ் சட்டம் வருவதற்கு முன்பே எங்களைப் போன்ற பொதுத்துறைகள் பையன்களை எடுத்துப் பயிற்சி கொடுத்தன. எங்கள் பயிற்சியில் தேறிய பையன் அரசு ஐடிஐ பையனைவிட நூறு மடங்கு மேல். இதை அரம் அவர்கள் மறுப்பாரா?

அரம் (சனி, காலை 11.10)

மறுக்கிறேன். உங்கள் பயிற்சிக் கூடத்துக்கு வந்த பையன்களில் பாதிப் பேர் எங்களிடம் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்தவர்கள். அரத்தை எப்படிப் பிடிப்பது என்று நாங்கள் சொல்லிக் கொடுத்த கையைத்தான் நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள்.

கேஜிஎஃப் செல்வி (சனி, பகல் 12.20)

நான் எலக்ட்ரீஷியன் பிரிவுல படிச்சேன். எங்க அப்பா தங்கச் சுரங்கத்துல இருந்தாரு. 2001-ல சுரங்கத்தை மூடினாங்க. வீட்ல காசு இல்ல. ஐடிஐ மட்டும் இல்லன்னா நான் இன்னைக்கு வேற யாரோ. அதனால வாசு சார் "தின்னு தீர்த்தாங்க"ன்னு எழுதினது எனக்கும் வலிச்சது.

ஆனா அரம் சார், ஒண்ணு கேக்கணும். அந்தக் குழுவுக்கு 20 சதவீத சீட்டை அவங்களே நிரப்பிக்கலாம்னு அதிகாரம் கொடுத்தாங்க இல்ல? என் தம்பிக்கு அந்தக் கணக்குல சீட் கேட்டு ஒரு இடத்துக்குப் போனோம். ரசீது இல்லாம ஒரு தொகை சொன்னாங்க. பங்காருபேட்டைல இருந்து ரயில்ல வந்துட்டு, கையில பணம் இல்லாம அப்படியே திரும்பிப் போனோம். அம்மா ரயில்ல ஒரு வார்த்தை பேசல. அந்த 20 சதவீதத்துக்கு யாரு பொறுப்பு? கடன் இனாம் சண்டைய விட எனக்கு இதுதான் பெருசு.

ஒயிட்பீல்டு வாசு (சனி, பகல் 12.41)

பாத்தீங்களா. இனாம் பணமும் வாங்கி, சீட்டையும் வித்திருக்காங்க.

அரம் (சனி, பகல் 1.15)

செல்வி அம்மா, உங்களுக்கு நடந்தது தப்பு. ரசீது இல்லாமல் கேட்டவன் எவனாக இருந்தாலும் தப்பு. ஆனால் அந்த 20 சதவீதம் எதற்கு வந்தது என்று சொல்லியாக வேண்டும். உள்ளூர்த் தொழிற்சாலைகள் தங்களுக்கு வேண்டிய பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கலாம், அந்த சீட்டில் வரும் வருமானத்தைக் குழு வைத்துக்கொள்ளலாம், அதில் இருந்து கடனைக் கட்டலாம் என்பது ஏற்பாடு. கவனியுங்கள் வாசு, கடனைக் கட்டலாம் என்பது. இனாமாக இருந்தால் அந்த 20 சதவீதமே தேவைப்பட்டிருக்காது. கடன் என்று ஒன்றை வைத்ததால் சீட்டில் இருந்து காசு எடுக்க வழி வைத்தார்கள். மிச்ச சீட்டுகளின் சேர்க்கையும் கட்டணமும் மாநில அரசின் கையிலேயே இருந்தன.

கேஜிஎஃப் செல்வி (சனி, பகல் 1.22)

சார், யாரு பொறுப்புன்னு கேட்டேன். நீங்க வாசு சாருக்குப் பதில் சொல்றீங்க.

சிவாஜிநகர் ஷபீர் (சனி, பகல் 2.05)

எல்லாரும் அரசு ஐடிஐ பத்தியே பேசுறீங்க. நாட்டுல பதினாலாயிரத்துக்கு மேல ஐடிஐ இருக்கு, அதுல பெரும்பாலும் தனியார். என் கடைல ஏசி ரிப்பேருக்கு ஒரு பையன் வந்தான், தனியார் ஐடிஐ சர்டிபிகேட். கேஸ் பிரஷர் பார்க்குற கேஜ் மானிபோல்டை எந்தப் பக்கம் மாட்டுறதுன்னு தெரியல. ரெண்டு வருஷம் என்னடா பண்ணேன்னு கேட்டேன். ஒரே ரூம், போர்டுல மூணு டிரேடு பேரு, பரீட்சைக்கு மட்டும் வரச் சொன்னாங்கன்னு சொல்றான். அவங்க வீட்ல அறுபதாயிரம் கட்டியிருக்காங்க. அந்த ஐடிஐ-ய யாரு பார்க்கணும்? மாநிலமா, டெல்லியா? யாராவது சொல்லுங்க.

ஒயிட்பீல்டு வாசு (சனி, பகல் 2.30)

அரம் சார் ஒரு கேள்விக்கு நேரா பதில் சொல்லட்டும். அந்தக் குழுக்கள் எல்லாம் முழுசா திருப்பிக் கட்டுச்சா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு.

அரம் (சனி, மாலை 4.00)

எல்லாக் குழுவின் கணக்கும் என் பையில் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்தத் துறையை நடத்துவது யார் என்று ஒருவருக்கும் தெளிவில்லை. அதுதான் ஆதி வியாதி. 1950-ல் திட்டத்தைத் தொடங்கியது மத்திய அரசு. 1956-ல் அன்றாட நிர்வாகத்தை மாநிலங்களிடம் கொடுத்தார்கள். 1969 ஏப்ரலில் செலவுப் பொறுப்பையும் கொடுத்தார்கள். ஆனால் பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ், எந்தப் பிரிவுக்கு எத்தனை சதுர மீட்டர் என்ற அளவு, எல்லாம் டெல்லியில். அரசியல் சட்டத்திலேயே தொழிலாளருக்கான தொழிற்பயிற்சி பொதுப்பட்டியலில் 25-வது இனமாக இருக்கிறது. இரண்டு முதலாளிக்கு ஒரு வேலைக்காரன். அதன் மேல் 2007-ல் மூன்றாவது முதலாளியாகக் குழுவைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

குழுவுக்கு என்ன கொடுத்தார்கள்? கடனையும் 20 சதவீத சீட்டையும் கொடுத்தார்கள். குறுகிய காலப் பயிற்சி நடத்தலாம், கௌரவ ஆசிரியரை வைத்துக்கொள்ளலாம். என்ன கொடுக்கவில்லை? நிரந்தர வாத்தியாரைப் போடும் அதிகாரம் இல்லை. பாடத்தை மாற்றும் அதிகாரம் இல்லை. 2013-ல் செமஸ்டர் முறை கொண்டுவந்தார்கள். 2018-ல் திரும்ப வருடத் தேர்வாக மாற்றினார்கள். இரண்டு முறையும் எங்கள் குழுவை ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. 2015-ல் டெல்லியில் இருக்கும் பயிற்சித் தலைமை இயக்குநரகமே தொழிலாளர் அமைச்சகத்தில் இருந்து திறன் மேம்பாட்டு அமைச்சகத்துக்கு மாறியது. 2018-ல் பழைய தேசியத் தொழிற்பயிற்சி கவுன்சிலுக்குப் பதிலாகப் புதிய கவுன்சிலை அறிவித்தார்கள். ஒவ்வொரு முறையும் லெட்டர்ஹெட் மாறும், படிவம் மாறும். என் பிரிவில் மூன்று ஜேடிஓ இருக்க வேண்டிய இடத்தில் நான் ஒருவன், ஏழு வருடம்.

பொறுப்பைக் கொடுத்து அதிகாரத்தைக் கொடுக்காமல் விட்டதற்குப் பெயர் இனாம் இல்லை வாசு. அதன் பெயர் கடன்.

ஒயிட்பீல்டு வாசு (சனி, மாலை 4.11)

ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணுன்னு கேட்டேன் சார். அரசியல் சட்டம் கேக்கல.

பீன்யா கடைசல் (சனி, மாலை 4.45)

அரம் சார் சொல்ற அதிகாரக் கதைய நான் பாதி ஒத்துக்கிட்டாலும் மீதிய ஒத்துக்க மாட்டேன். ராஜாஜிநகர்ல ஜிடிடிசி இருக்கே, அரசு டூல் ரூம் பயிற்சி மையம். 1972-ல டென்மார்க் உதவியோட தொடங்கினது. அதுவும் அரசு நிறுவனம்தான், அதுவும் சங்கம்தான். ஆனா அவங்க வெளில இருந்து ஆர்டர் எடுத்து டை செய்றாங்க, மோல்டு செய்றாங்க, சம்பாதிக்கிறாங்க. பசங்க அந்த ஆர்டர் பக்கத்துலயே நின்னு கத்துக்கிறான். பத்து மைக்ரான் தப்பினா பார்ட் திரும்பி வரும்னு பதினெட்டு வயசுலயே அவனுக்குத் தெரியுது. பீன்யால அந்தப் பையனுக்கு நான் நீன்னு போட்டி. அங்க மட்டும் எப்படி நடக்குது?

அரம் (சனி, மாலை 5.20)

எப்படி நடக்கிறது என்றால், அங்கே பையனைத் தேர்ந்தெடுத்து எடுக்கிறார்கள், கட்டணமும் வாங்குகிறார்கள். எங்களிடம் வெல்டர் பிரிவுக்கு எட்டாவது படித்தவனும் வருவான். அப்பா கட்டட வேலை, அம்மா வீட்டு வேலை. காலையில் சாப்பிடாமல் வருவான். நான் அவனுக்கு முதலில் டிபன் வாங்கிக் கொடுத்து, பிறகு அரம் கொடுத்தேன். ஜிடிடிசி-யை நானும் மதிக்கிறேன். ஆனால் அதற்குக் கொடுத்தது சுதந்திரம். எங்களுக்குக் கொடுத்தது கடன். அவர்கள் சம்பாதித்ததை அவர்களே திரும்பச் செலவழிக்கலாம். என் பிரிவில் பையன்கள் செய்த பத்து வைஸ்களை (பட்டறைப் பிடிப்பான்) விற்க நான் மூன்று கடிதம் எழுதினேன். கடைசியில் பழைய இரும்பாகப் போனது.

பீன்யா கடைசல் (சனி, மாலை 5.31)

அந்தத் துணி மூடின மெஷினும் அப்படித்தான் போகும். எழுதி வச்சுக்கோங்க.

அரம் (சனி, மாலை 5.36)

துணி, துணி என்று எத்தனை முறை சொல்வீர்கள்? மின்சாரம் வந்த பிறகு அந்த மெஷினில் நான் நான்கு பேட்ச் பயிற்சி கொடுத்தேன். உங்கள் கடையில் விஎம்சி ஓட்டுகிறவர்களில் ஒருவன் என் மாணவனாக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

ஓசூர் ரமணி (சனி, இரவு 7.10)

எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து பாருங்க. தமிழ்நாட்டுல 71 அரசு ஐடிஐ, 2,877.43 கோடி, டாடா டெக்னாலஜீஸ் கூடச் சேர்ந்து தொழில்நுட்ப மையம். ரோபோ, சிஎன்சி, எல்லாம் இருக்கு. குழு, கடன்னு நாங்க அடிச்சுக்கல.

ஒயிட்பீல்டு வாசு (சனி, இரவு 7.25)

ரமணி, அதே கம்பெனியோட கர்நாடகா 150 ஐடிஐ பண்ணிடுச்சு, 4,600 கோடிக்கு மேல. 2022 ஜூன்ல பிரதமர் பெங்களூர் வந்து தொடங்கி வச்சாரு. நீங்க அப்புறம்தான்.

ஓசூர் ரமணி (சனி, இரவு 7.40)

4,600-ஐ 150-ஆல வகுங்க. ஒரு ஐடிஐக்கு முப்பது கோடி சொச்சம். 2,877-ஐ 71-ஆல வகுங்க. நாப்பது கோடிக்கு மேல. யாரு முந்திங்கிறது முக்கியமா, யாரு ஒழுங்கா கொடுத்தாங்கங்கிறது முக்கியமா?

தூரவாணி நகர் ராஜாமணி (சனி, இரவு 8.05)

பெங்களூரில் குடியிருந்துகொண்டு தமிழ்நாடு, கர்நாடகம் என்று பிரித்துப் பேசுவது சரியில்லை. நாங்கள் இந்த ஊரில் எழுபது வருடமாக இருக்கிறோம். இங்கே வேண்டாத வம்பு வேண்டாம்.

ஓசூர் ரமணி (சனி, இரவு 8.12)

நான் ஓசூர்ல குடியிருக்கேன் ஐயா.

நெறியாளர் (சனி, இரவு 8.40)

மாநிலச் சண்டைப் பதிவுகள் இரண்டை நீக்கியிருக்கிறேன். தலைப்புக்குள் பேசுங்கள்.

ஒயிட்பீல்டு வாசு (ஞாயிறு, காலை 9.20)

தலைப்புக்கே வர்றேன். அந்த 150-ஐயும் 71-ஐயும் பாருங்க, கம்பெனி வந்தது, மெஷின் வந்தது. இப்ப 2025 மே மாசம் கேபினட் ஒப்புதல் கொடுத்த திட்டம், அக்டோபர்ல பிஎம் சேதுன்னு பேர் வச்சுத் தொடங்கினாங்க. ஆயிரம் அரசு ஐடிஐ. 200 மையம், அதைச் சுத்தி 800. அறுபதாயிரம் கோடி. சொத்து அரசுக்கு, நிர்வாகம் தொழில்துறைக்கு. நான் வெள்ளிக்கிழமை எழுதினது இதத்தான். அரசாங்கமே என் வழிக்கு வந்துடுச்சு.

அரம் (ஞாயிறு, காலை 10.15)

அரைகுறையாகச் சொல்லாதீர்கள். அறுபதாயிரம் கோடியில் மத்திய அரசு முப்பதாயிரம். மாநிலங்கள் இருபதாயிரம். தொழில்துறை பத்தாயிரம். ஆறில் ஒரு பங்கு போடுகிறவன் கையில் நிர்வாகம். மிச்ச ஐந்து பங்கு மக்கள் பணம். இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? எங்களுக்கு வந்த கடனுக்கு இனாம் என்று பெயர் வைத்தீர்களே, இதற்கு ஏன் வாய் திறக்கவில்லை?

அந்த 150 ஐடிஐகளிலும் மெஷின் வந்தது உண்மை. நல்ல மெஷின்கள். நான் போய்ப் பார்த்தேன், கண் நிறைந்தது. ஆனால் அதன் முன் நிற்கும் வாத்தியார் யார், அவருக்குச் சம்பளம் யார், அவர் நிரந்தரமா கௌரவமா, மூன்று வருடம் கழித்துக் கம்பெனி ஆள் போன பிறகு ஸ்பிண்டில் போனால் யார் மாற்றுவார்கள்? 2007-லும் இதே கேள்விகளைக் கேட்காமல் விட்டார்கள். தலைவர் நாற்காலியில் கம்பெனிக்காரரை உட்கார வைத்தால் பட்டறை தானாக ஓடும் என்று நினைத்தார்கள். கடைசல் சொன்னாரே, நோட்டுப் புக்கோடு வந்த பெண் என்று. அந்தப் பெண்ணைத் திரும்ப அனுப்பப் போகிறார்கள்.

பீன்யா கடைசல் (ஞாயிறு, காலை 10.40)

என் வார்த்தைய எடுத்து உங்க கட்சிக்குச் சேக்காதீங்க சார். நான் சொன்னது கம்பெனி வரல, அதே சமயம் நீங்களும் விடல. பெரிய கம்பெனிய விட்டுட்டு எங்கள மாதிரி சின்ன யூனிட் பத்துப் பேரத் தலைவரா மாத்தி மாத்தி உக்கார வச்சிருந்தா, நாங்க தினமும் வந்திருப்போம். எங்களுக்குத்தான் ஆள் வேணும். பெரிய கம்பெனிக்கு ஆள் கேட்காமலே வரும். ஆனா எங்கள யாரு கேட்டாங்க? பீன்யால ஆயிரக்கணக்குல சின்ன யூனிட் இருக்கு. ஒருத்தன் பேருகூட டெல்லி பேப்பர்ல வராது.

ஒயிட்பீல்டு வாசு (ஞாயிறு, காலை 10.58)

சார் கடைசியா ஒத்துக்கிட்டாரு, மெஷின் நல்லா இருக்குன்னு. இனாம் காலத்துல வராத மெஷின் கம்பெனி காலத்துல வந்துச்சு.

அரம் (ஞாயிறு, காலை 11.05)

கடன் காலம்.

ஒயிட்பீல்டு வாசு (ஞாயிறு, காலை 11.06)

இனாம் காலம்.

கேஜிஎஃப் செல்வி (ஞாயிறு, காலை 11.30)

இந்தப் புது ஆயிரம் ஐடிஐலயும் சீட்டு யாரு கொடுப்பாங்க? அதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லல. கம்பெனி நிர்வாகம்னா கம்பெனி கேக்குற மாதிரி பையனைத்தான் எடுப்பாங்க. பொண்ணுங்கள எடுப்பாங்களா? நான் படிச்சப்போ எலக்ட்ரீஷியன் வகுப்புல நான் ஒரே பொண்ணு. ஷாப் புளோர்ல கழிப்பறை கிடையாது, ஆபீஸ் ரூம் வரைக்கும் நடக்கணும். குழுவுல இதச் சொல்ல ஒரு பொம்பளை இல்ல. கடைசல் அண்ணா, நீங்க நாலு வருஷம் உக்காந்தீங்களே, ஒரு தடவை கேட்டீங்களா?

பீன்யா கடைசல் (ஞாயிறு, காலை 11.52)

நான் இருந்த ஐடிஐல பொண்ணுங்க இல்லம்மா.

கேஜிஎஃப் செல்வி (ஞாயிறு, காலை 11.55)

ஏன் இல்லன்னு கேட்டீங்களா?

சிவாஜிநகர் ஷபீர் (ஞாயிறு, பகல் 12.30)

ரெண்டாவது தடவையா கேக்குறேன். தனியார் ஐடிஐ-ய யாரு பார்க்கணும்? அந்தப் பையன் இன்னைக்கும் கடைக்கு வந்தான். அவங்க அம்மாவும் வந்தாங்க. யாருகிட்ட எழுதிக் கொடுக்கணும்னு கேக்குறாங்க.

தூரவாணி நகர் ராஜாமணி (ஞாயிறு, பகல் 1.10)

எங்கள் காலத்தில் இப்படி நடந்திருந்தால் பயிற்சி மேலாளர் மறுநாளே நடவடிக்கை எடுத்திருப்பார். எங்கள் பயிற்சிக் கூடத்தில் ஒழுக்கம் என்று ஒன்று இருந்தது. காலை ஏழரைக்குச் சங்கு.

கேஜிஎஃப் செல்வி (ஞாயிறு, பகல் 1.25)

ஷபீர் பாய், டெல்லி அங்கீகாரம் கொடுக்கும், மாநிலம் நேர்ல போய்ப் பார்க்கணும். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் காட்டுவாங்க. முதல்ல மத்திய அரசோட தளத்துல அந்த ஐடிஐ பேரப் போட்டுப் பாருங்க, எந்த டிரேடுக்கு எத்தனை யூனிட் அங்கீகாரம்னு இருக்கும். போர்டுல இருக்குற மூணு டிரேடும் அதுல இருக்கான்னு பாருங்க. அதைப் பிரிண்ட் எடுத்து, பணம் கட்டின ரசீதோட மாநிலத் தொழிற்பயிற்சித் துறைக்கு எழுதுங்க. ஒரு காப்பி டெல்லிக்கும். ரசீது இருக்கா?

சிவாஜிநகர் ஷபீர் (ஞாயிறு, பகல் 1.40)

இருபதாயிரத்துக்கு மட்டும் இருக்கு. மீதி கையில வாங்கினாங்களாம்.

அரம் (ஞாயிறு, பகல் 2.20)

ஷபீர், செல்வி சொன்னபடி செய்யுங்கள். நான் மாலையில் விவரமாக எழுதுகிறேன்.

அதற்கு முன் வாசுவுக்கு ஒன்று. நேற்று நீங்கள் ஆமா இல்லையா என்று கேட்டீர்கள். நான் ஓய்வு பெறும் மாதம் எங்கள் குழுவின் கூட்டத்தில் முதல் தவணை பற்றிய கடிதத்தை வாசித்தார்கள். அறையில் பேச்சு நின்றுவிட்டது. இனாம் வாங்கியவர்கள் அப்படி உட்கார்ந்திருக்க மாட்டார்கள். பிரின்சிபால் என்னைப் பார்த்து, "மேஷ்ட்ரே, பிட்டர் பிரிவுக்குக் கேட்ட டயல் கேஜ் இந்த வருடமும் இல்லை" என்றார். நுண்ணிய அளவு பார்க்கும் கருவி அது, எட்டுதான் கேட்டிருந்தேன். இருபது பையன்களுக்கு எட்டு. நான் என் சொந்தப் பணத்தில் இரண்டு வாங்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒயிட்பீல்டு வாசு (ஞாயிறு, பகல் 2.48)

உங்க ரெண்டு டயல் கேஜுக்கு மரியாதை சார், அதுல கிண்டல் இல்ல. ஆனா கடிதம் வாசிச்சாங்கன்னுதான் சொன்னீங்க. கட்டினாங்கன்னு சொல்லல.

அரம் (ஞாயிறு, பகல் 2.55)

கடன் கடிதம் வந்தது என்றேன். இனாமுக்குக் கடிதம் வராது.

பீன்யா கடைசல் (ஞாயிறு, பகல் 3.10)

எட்டு டயல் கேஜ் வாங்கக் காசு இல்ல, சிஎன்சிக்குத் துணி மட்டும் இருந்துச்சு.